தோழிக்கு: தம்பியைப் பற்றியும் நான் நம்புகிறவரைப் பற்றியும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிறது. உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. அம்மாவின் கடைசி வாரங்களைப் பற்றி நீ எழுதியிருந்த பகுதியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. மருந்து மயக்கத்துக்கு நடுவிலும் உன் குரலை அடையாளம் கண்டு கையை நீட்டினார் என்று எழுதியிருக்கிறாயே, அதைப் படித்துவிட்டு அழுதேன். பள்ளிக்கூட நாட்களில் உனக்குத் தலை வாரிவிட்ட கையோடு எனக்கும் வாரிவிட்டவர். அவர் இல்லை என்பதை என்னாலேயே ஏற்க முடியவில்லை என்றால், உனக்கு எப்படி இருக்கும்.

கடிதத்தின் கடைசியில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். ஒன்று உன் மகள் கேட்டது: "அம்மா, நாம எந்த ஊர்க்காரங்க?" பாட்டி போன பிறகு இதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்கிறாய். இன்னொன்று நீயே இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்தது: "தம்பி இறந்த பிறகு நீ எப்படிக் கிறிஸ்தவள் ஆனாய்? துக்கம் தாங்காமல் கையில் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டாயா, இல்லை உண்மையிலேயே நம்புகிறாயா?" நேராகக் கேட்டதற்கு நன்றி. மற்றவர்கள் எல்லாரும் சுற்றி வளைத்துத்தான் கேட்டார்கள். இந்த இரண்டு கேள்வியும் எனக்கு ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. அதனால் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

எங்கள் வீட்டுக் கதை உனக்குத் தெரியும். அப்பாவின் வேலையால் ஒரு நாட்டில் பிறந்து இன்னொரு நாட்டில் வளர்ந்தோம். வீட்டுக்குள் ஒரு மொழி, வாசலைத் தாண்டினால் இன்னொன்று. அங்கே நாங்கள் வந்தேறிகள். விடுமுறைக்குச் சொந்த ஊருக்கு வந்தால் வெளிநாட்டுப் பிள்ளைகள். பிறகு ஒரேயடியாகத் திரும்பி வந்து உன் வகுப்பில் சேர்ந்தபோது, என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று வாயைத் திறக்கவே பயந்தேன். நீதான் முதலில் வந்து பேசினாய்.

நான் உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. தம்பியும் நானும் எங்களுக்குள் பேசிக்கொண்டது இரண்டு மொழியும் கலந்த ஒன்று. ஒன்றில் தொடங்கும் வாக்கியம் இன்னொன்றில் முடியும். அப்பா அம்மாவுக்கே பாதி புரியாது. எந்தப் பக்கத்து மனிதரிடம் பேசினாலும் மறுபக்கத்தை விளக்கியாக வேண்டியிருந்த என் வாழ்க்கையில், எதையும் விளக்க வேண்டியிராத ஒரே ஆள் அவன்தான். அவன் போனதும், நான் வளர்ந்த அந்த உலகம் உண்மையாகவே இருந்தது என்று சொல்ல என்னைத் தவிர ஆளில்லாமல் போயிற்று. அந்தப் பேச்சை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை. பேச யாரும் இல்லை.

சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் அன்பானவர்கள்தான். உறவினர்கள் விதி என்றார்கள். நாங்கள் வளர்ந்த நாட்டிலிருந்து பேசிய நண்பர்கள், வேலையில் மனதைச் செலுத்து, காலம் ஆற்றிவிடும் என்றார்கள். சொன்ன விதம் வேறாக இருந்தாலும் இரண்டு பக்கமும் என்னிடம் எதிர்பார்த்தது ஒன்றையே: சீக்கிரம் அடங்கு. எனக்கோ அடங்க மனமில்லை. யாரிடமாவது போய் நியாயம் கேட்க வேண்டும் போலிருந்தது. 27 வயதுப் பையனை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று யாரையாவது சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

எங்கள் மாடியில் ஒரு பெரியம்மா குடியிருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ். சாயங்காலங்களில் இறங்கி வந்து என் பக்கத்தில் உட்காருவார், பேச மாட்டார், இருட்டியதும் எழுந்து போவார். ஒருநாள் எனக்குக் கோபம் பீறிட்டு வந்துவிட்டது. "உங்க கடவுள் அன்னைக்கு எங்கே போயிருந்தார்?" என்று கத்தினேன். அவர் பதில் சொல்லவில்லை. மேலே போய்த் தன் வேதாகமத்தை எடுத்துவந்து, அதிலுள்ள ஜெபப் பாட்டுகளில் ஒன்றான 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். பதினெட்டே வசனங்கள். "கர்த்தாவே, நீர் என் ஆத்துமாவைத் தள்ளிவிட்டு, உமது முகத்தை எனக்கு மறைக்கிறதென்ன?" என்று ஒருவன் கடவுளிடமே கேட்கிறான். முடிவில் ஏதாவது ஆறுதல் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. என் தோழர்களையும் தெரிந்தவர்களையும் என்னைவிட்டுத் தூரமாக்கிவிட்டீர் என்கிற புலம்பலோடு, இருட்டிலேயே முடிந்துபோகிறது அந்தப் பாட்டு.

"இதையெல்லாம் வேதாகமத்தில் வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "இதுவும் ஜெபந்தாம்மா" என்றார். அவ்வளவுதான் அன்றைக்கு.

என்னை முதலில் அசைத்தது இதுதான். கடவுள் இருக்கிறாரா என்கிற வாதம் எதுவும் என்னைத் தொடவில்லை. கடவுளைக் குற்றம் சாட்டும் பாட்டைத் தங்கள் வழிபாட்டுப் புத்தகத்திலேயே பத்திரப்படுத்தி, தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கிறார்களே, இவர்கள் எப்படிப்பட்ட மக்கள், இவர்கள் கும்பிடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் புலம்பல்கள்தாம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். யோபுவின் புத்தகத்தையும் பெரியம்மாவே காட்டினார். பிள்ளைகளை எல்லாம் பறிகொடுத்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் இரவு பகலாக ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு வாயைத் திறந்து கடவுளுக்கு வக்கீலாகப் பேச ஆரம்பிக்கிறார்கள். கடைசியில் கடவுள் யார்மேல் கோபப்படுகிறார் தெரியுமா? தன்னிடம் வழக்காடிய யோபுவின்மேல் அல்ல, தனக்காகப் பரிந்து பேசிய அந்த நண்பர்கள்மேல். என் யோபுவைப்போல் நீங்கள் என்னைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். இதைப் படித்த அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் யோவான் சுவிசேஷம், 11ஆம் அதிகாரம். இது எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது, ஏனென்றால் இது தம்பியை இழந்த இரண்டு அக்காமாரின் கதை. லாசரு தம்பியா அண்ணனா என்று அங்கே சொல்லியிருக்கவில்லை, எனக்கு அவன் தம்பிதான். இயேசு வந்ததும் மார்த்தாள் எதிர்கொண்டு போய்ச் சொல்கிறாள்: "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." கொஞ்ச நேரம் கழித்து மரியாள் வருகிறாள், அவளும் இதையேதான் சொல்கிறாள். இரண்டு பேரும் வீட்டில் அந்த நாட்களில் எத்தனை தடவை இதைச் சொல்லிச் சொல்லி அழுதிருப்பார்கள் என்று நினைத்தேன். மார்த்தாளிடம் அவர் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாள் அழுவதைப் பார்த்தபோது பேசவில்லை. "இயேசு கண்ணீர் விட்டார்" என்று இருக்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர். அப்படியிருந்தும் அழுகிறார். நடக்கப் போவது தெரியும் என்பதற்காக நடந்துவிட்ட துக்கத்தை அவர் தாண்டிக் குதிக்கவில்லை.

இங்கே உன் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். லாசரு திரும்பி வந்தான், உன் தம்பி வரவில்லையே என்று கேட்பாய். கேட்க வேண்டிய கேள்விதான். அதைவிடக் கடினமான ஒன்றும் அந்த அதிகாரத்திலேயே இருக்கிறது: லாசரு வியாதியாய் இருக்கிறான் என்று ஆள் வந்து சொல்லியும் இயேசு இருந்த இடத்திலேயே இரண்டு நாள் தங்கிவிடுகிறார். அந்த வசனம் வரும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களை எல்லாம் கேட்டிருக்கிறேன், ஒன்றும் என் தம்பியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொல்லத்தக்கதாக இல்லை. ஆனால் அதிகாரத்தை முடிவுவரை வாசித்துப் பார். லாசருவை எழுப்பிய செய்தி பரவியதும்தான் பிரதான ஆசாரியர்கள் கூடி இயேசுவைக் கொலைசெய்வதென்று முடிவெடுக்கிறார்கள். அந்தக் கல்லறையைத் திறந்ததற்கு அவர் கொடுத்த விலை தன் சொந்த உயிர். கடைசியில் சிலுவையில் அவரும் ஒரு புலம்பல் சங்கீதத்தைத்தான் சொல்கிறார்: "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" நான் யாரைச் சட்டையைப் பிடித்து உலுக்கப் போனேனோ, அவரே என் பக்கத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்கு அன்பு வந்தது. நம்பிக்கை என்று பெயர் வைக்க ரொம்ப நாளாயிற்று, அன்பு முதலில் வந்துவிட்டது.

சரி, அப்படியானால் உடனே ஞானஸ்நானம் எடுக்க வேண்டியதுதானே? எடுக்க முடியவில்லை. நான் வளர்ந்த விதம் குறுக்கே வந்து நின்றது. ஏற்கெனவே இரண்டு இடங்களில் பாதிப் பாதியாக இருக்கிறவள், மூன்றாவதாக இன்னொரு இடத்துக்குப் போய் அங்கேயும் பாதியாக நிற்க வேண்டுமா என்று பயந்தேன். பிறந்தது முதலே பாட்டுகளும் ஜெபங்களும் மனப்பாடமாகத் தெரிந்தவர்களுக்கு நடுவில் மறுபடியும் வாய் திறக்கப் பயந்த அந்தச் சிறுமியாக நான் ஆகிவிடுவேனோ? அதோடு, இந்த நம்பிக்கைக்குள் வர என் அம்மாவிடம் கற்றதை எல்லாம் வாசலில் கழற்றி வைக்கச் சொல்வார்களோ?

இந்தப் பயத்தோடு, முதல் சபையின் கதையைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகளை வாசித்தேன். சபை தொடங்கி அதிக நாளாகவில்லை, அதற்குள் ஒரு முறுமுறுப்பு: எபிரெய மொழிக்காரர்களின் விதவைகளுக்குக் கிடைப்பது கிரேக்கு மொழி பேசும் விதவைகளுக்குக் கிடைப்பதில்லை. யோசித்துப் பார், சபையில் பதிவான முதல் மனக்கசப்புகளில் ஒன்று மொழியால் வந்தது, அதுவும் துக்கத்தில் இருந்த பெண்களுக்கு நேர்ந்த அநியாயத்தால் வந்தது. பங்கீட்டைக் கவனிக்க ஏழு பேரை நியமிக்கிறார்கள். ஏழு பேருடையதும் கிரேக்கப் பெயர்கள். குறைபட்டவர்கள் பக்கத்திலிருந்தே ஆள் எடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பிறகு 15ஆம் அதிகாரத்தில், கி.பி. 50ஐ ஒட்டி, எருசலேமில் பெரிய விவாதம். கிறிஸ்துவை நம்புகிற மற்ற இனத்தார் முதலில் யூதர்களாக மாற வேண்டுமா? வேண்டாம் என்று முடிவாகிறது. நீ யார், எந்தப் பக்கம் என்பதைத் தீர்த்துக்கொண்டு வா என்று யாரையும் வாசலில் நிறுத்த வேண்டாம் என்று நான் அதைப் படித்துக்கொண்டேன். பிற்காலத்துச் சபைகள் இதை எத்தனையோ இடங்களில் மறந்துபோயின. ஆனாலும் அந்தத் தீர்மானம் அங்கே எழுத்தில் இருக்கிறது.

பண்டித ரமாபாயைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய், விதவைகளுக்காகப் பள்ளி நடத்தியவர் என்று. அவர் கதையைப் படித்தபோதுதான் எனக்கு முழுத் தைரியம் வந்தது. 1858இல் பிறந்தவர். மராத்திக் குடும்பம், பிறந்தது கன்னட நாட்டுக் காட்டில், வளர்ந்தது யாத்திரைத் தலங்களுக்கு நடந்துகொண்டே. பெண்களுக்குச் சமஸ்கிருதம் கூடாது என்றிருந்த காலத்தில் தாயிடமே அதைக் கற்றார். பஞ்ச காலத்தில் பெற்றோரையும் அக்காவையும் இழந்தபோது அவருக்குப் பதினாறு வயது. அம்மாவின் பாடையைத் தூக்க ஆள் போதாமல் இவரே நான்காவது ஆளாகச் சுமந்தார். மற்றவர்களைப்போல் உயரம் இல்லாததால் தோளில் வைக்க முடியாமல் தலையில் வைத்துச் சுமந்ததாக எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு அண்ணனும் அவரும் மட்டும் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான மைல் நடந்தார்கள். 1880இல் அந்த அண்ணனும் இறந்தார். அவர்கள் நடந்த வாழ்க்கைக்கு இருந்த ஒரே துணை போய்விட்டது. அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை.

அதே வருடம் வங்காளி ஒருவரை மணந்தார், சாதியும் மொழியும் வேறு. வீட்டிலிருந்த புத்தகங்களுக்கு இடையில்தான் வங்காள மொழியில் லூக்கா சுவிசேஷத்தைக் கண்டெடுத்தார். 1882இல் காலரா கணவரையும் கொண்டுபோனது. கைக்குழந்தையோடு நின்றவர் அடுத்த ஆண்டு இங்கிலாந்து போய், செப்டம்பரில் வாண்டேஜில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் ஆங்கிலேயப் பெண்ணாக மாறச் சம்மதிக்கவில்லை. தன்னை வழிநடத்திய கன்னியாஸ்திரீயோடே கடிதம் கடிதமாக வாதாடினார். சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, சமஸ்கிருதத்தில் இருக்கட்டுமே என்றார். இறைச்சி தொடவில்லை. ஒரு கூட்டத்துப் புரோகிதர்களிடமிருந்து விடுபட்டு வந்தது இன்னொரு கூட்டத்துக்குக் கழுத்தை நீட்ட அல்ல என்று தெளிவாக எழுதினார். இதை அவர் அவர்களுடைய வீட்டில், அவர்களுடைய ஆதரவில் இருந்துகொண்டே எழுதினார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

உன் கேள்விக்கு நேரடியாக உதவுவது இன்னொன்று. ஞானஸ்நானம் எடுத்து எட்டு வருடம் கழித்துத்தான், தான் அதுவரை கிறிஸ்தவ மதத்தைக் கண்டிருந்தாலும் கிறிஸ்துவைக் கண்டிருக்கவில்லை என்று அவருக்குப் புரிந்ததாம். துக்கம் ஆளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விடலாம். எட்டு வருடம் கழித்தும், முதல் வேகம் எல்லாம் வடிந்த பிறகும், உள்ளே இருக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1896இல் மறுபடி பெரும் பஞ்சம் வந்தபோது ரமாபாய் பஞ்சப் பகுதிகளுக்கே போய் நூற்றுக்கணக்கான சிறுமிகளையும் இளம் விதவைகளையும் புனே பக்கத்துக் கேட்காவ் ஊருக்குக் கூட்டி வந்தார். பஞ்சத்தில் தாயைத் தலையில் சுமந்த பெண் அங்கே திரும்பிப் போகிறாள் என்றால், அதைச் செய்யவைத்தது வெறும் ஆறுதல் தேடும் மனம் இல்லை.

ஆக, உனக்கு என் பதில்: ஆமாம், துக்கத்தில்தான் பிடித்தேன். பிடித்தது உண்மையா என்பதை அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் காட்டின. தம்பி ஏன் இறந்தான் என்பதற்கு எனக்கு இன்றும் பதில் கிடையாது. அவனை மறுபடி பார்ப்பேன் என்று நம்புகிறேன், அதை உன்னிடம் நிரூபிக்க என்னால் முடியாது. ஞானஸ்நானம் எடுத்த அன்று அப்பா வரவில்லை, அம்மா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். "உனக்கு மனசு லேசானால் சரி" என்று மட்டும் சொன்னாள். லேசாகவில்லை அம்மா, ஆனால் தனியாகச் சுமக்கவில்லை என்றேன். அப்பா இப்போது கிறிஸ்துமஸுக்கு என் சபைக்காரர்கள் வந்தால் உட்கார வைத்துப் பேசுகிறார். இன்றும் நான் ஜெபிக்கும்போது தம்பியோடு பேசிய அந்தக் கலப்புப் பேச்சில்தான் பேசுகிறேன். கேட்கிறவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இப்போது உன் மகளுக்கு வருகிறேன். நீ என் வழிக்கு வர வேண்டும் என்பதற்காக இதை எல்லாம் எழுதவில்லை, அது உனக்கே தெரியும். அவள் ஊர்ப் பெயரைக் கேட்கிறாள் என்று நீ நினைக்கிறாய். பாட்டியின் ஊரும் மொழியும் என்கிற அந்தப் பக்கமே அவளுக்குப் பாட்டிதான். பாட்டி போன பிறகு அந்தப் பக்கம் இன்னும் தன்னுடையதா என்றுதான் குழந்தை கேட்கிறாள் என்று எனக்குப் படுகிறது. அவசரப்பட்டு ஒரு பதிலைக் கொடுத்து அவளை ஒரு பக்கமாக நிறுத்திவிடாதே. பாட்டியைப் பற்றிப் பாட்டியின் மொழியிலேயே அவளிடம் பேசு, அவள் பதிலை எந்த மொழியில் சொன்னாலும் திருத்தாதே. இன்னொன்று, அவள் எதிரில் அழு. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுவதாக எழுதியிருக்கிறாய், வேண்டாம். துக்கத்தை மறைக்கிற வீட்டில் பிள்ளைகள் அதைத் தங்கள் குற்றம் என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்தவள் சொல்கிறேன்.

வேதாகமத்தில் வரும் ரூத்தின் கதையை உனக்கு ஒருநாள் முழுதாகச் சொல்ல ஆசை. அதில் நகோமியைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் வேற்று நாட்டில் இழந்து திரும்பி வந்தவள், ஊரார் நடுவில் நின்று, சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று வெளிப்படையாகச் சொல்கிறாள். பக்கத்தில் நிற்கும் அந்நிய நாட்டு மருமகள் ரூத் அவளை அடக்கவும் இல்லை, விட்டுப் போகவும் இல்லை.

மற்ற செய்திகள்: அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படி மட்டும் ஏறுவதில்லை. மாடிப் பெரியம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது, சாயங்காலங்களில் நான்தான் இப்போது மேலே போய் அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். உன்னைப் பற்றிச் சொன்னேன், உன் அம்மாவின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தினமும் உனக்காக ஜெபிக்கிறார்.

பள்ளி விடுமுறை எப்போது என்று எழுது. மகளைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச நாள் இங்கே வந்து இரு. நீ பேசினாலும் சரி, பேசாமல் கிடந்தாலும் சரி. அதற்கு முன்னால் இரவில் தூக்கம் வராவிட்டால் நேரம் பார்க்காமல் கூப்பிடு, நான் எடுப்பேன்.

அன்புடன்,
உன் தோழி